பாட்டில் வேர்வை அடங்கும்வரை

நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று. காலையிலிருந்தே மழை சாய்த்துக்கொண்டிருந்தது. கிண்டி ஸ்டேஷனிலிருந்து முழங்கால்வரை நனைந்து வந்து, ஆய்வகத்தில் இரண்டு நோட்டுப் புத்தகங்களை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றில் மே மாதத்து எண்கள், மற்றதில் அன்றைய எண்கள். அதே பைரீன், அதே டைமெத்தில் அனிலின், இரண்டையும் கரைக்கும் அதே டெட்ராஹைட்ரோஃபியூரான், அதே காந்தம். ஆனாலும் எண்கள் ஒட்டவில்லை. காந்தத்தைப் போட்டதும் கரைசலின் நீலப்பச்சை ஒளி லேசாகக் கூட வேண்டும். மே மாதத்திலும் கூடியது. நவம்பரில் அதைவிடத் தெளிவாகக் கூடியது. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதேதான்.

இரண்டு வாரம் காந்தத்தைத்தான் சந்தேகப்பட்டேன். அப்படிச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஆராய்ச்சி தொடங்கிய புதிதில், ஒளியை அளக்கும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாயைக் காந்தத்துக்கு அருகிலேயே வைத்து ஒரு மாதத்தை வீணாக்கியிருந்தேன். அந்தக் குழாய்க்குள் எலக்ட்ரான்கள் தட்டுக்குத் தட்டு தாவிப் பெருகுகின்றன. வெளிக் காந்தம் அந்தப் பாதையையே வளைத்துவிடும். கரைசலில் ஒன்றுமே நடக்காதபோதும் எண் மாறும். அதன்பிறகு ஒளியிழை வழியாக வெளிச்சத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோய் அளந்தோம். ஒவ்வொரு நாளும் முதலில் வெறும் பைரீனை மட்டும் வைத்து, காந்தத்துக்கு அது அசையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வேலை தொடங்கும். அந்த நவம்பரிலும் வெறும் பைரீன் அசையவில்லை. கருவி சரியாகத்தான் இருந்தது.

காரணம் கரைப்பானில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன். அந்தக் கதைக்கு வருமுன், இந்தச் சோதனையில் என்னதான் நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

எலக்ட்ரான்கள் பெரும்பாலும் இணை இணையாகவே வாழ்கின்றன. ஒரு பிணைப்பு அறுந்தாலோ, ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் தாவினாலோ, ஆளுக்கொரு தனி எலக்ட்ரானோடு இரண்டு துண்டுகள் எதிரெதிரே நிற்கும். பள்ளிப் பாடநூல் இவற்றைத் தனி உறுப்புகள் என்கிறது. ஆய்வகத்தில் ரேடிக்கல் என்றுதான் சொல்வோம். இரண்டும் ஒரே நொடியில், ஒரே இடத்தில் பிறந்தவை என்பதால் ரேடிக்கல் இணை. ஒவ்வொரு தனி எலக்ட்ரானும் தற்சுழற்சியால் ஒரு சிறு காந்த ஊசி போன்றது. இரண்டு ஊசிகளும் ஒன்றையொன்று முழுமையாக ஈடுகட்டி நின்றால் ஒற்றை நிலை. இணங்கி நின்றால் மும்மை நிலை. பெயருக்கேற்ப அதில் மூன்று வகை உண்டு. ஒற்றை நிலையில் இருக்கும்போது இரண்டும் சந்தித்தால் மீண்டும் சேரலாம். மும்மை நிலையில் சந்தித்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

பைரீனின் மேல் புற ஊதா ஒளி படும்போது அது அனிலினிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. அப்படிப் பிறக்கும் இணை ஒற்றை நிலையில் பிறக்கிறது. பிறகு அது அப்படியே இருப்பதில்லை. அருகிலுள்ள ஹைட்ரஜன், நைட்ரஜன் அணுக்கருக்களின் சின்னஞ்சிறு காந்தத் தன்மை ஒவ்வோர் எலக்ட்ரானையும் வெவ்வேறு விதமாகத் திருப்புகிறது. ஒற்றை நிலை மெல்ல மும்மை நிலையாகிறது, திரும்பவும் ஒற்றையாகிறது. வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தால் மூன்று மும்மை நிலைகளில் இரண்டு ஆற்றலில் விலகிப்போகின்றன. அவற்றுக்குப் போகும் வழி மூடுகிறது. ஒற்றை நிலையிலேயே தங்கும் இணைகள் கூடுகின்றன. அவை திரும்பச் சந்தித்து, எக்ஸைப்ளெக்ஸ் என்ற கிளர்வுற்ற கூட்டாக மாறி, ஒளியை உமிழ்கின்றன. ஆகவே காந்தத்தைப் போட்டால் வெளிச்சம் கூடும்.

இதில் என்னை முதன்முதலாக உலுக்கியது காந்தத்தின் பலவீனம். 10 மில்லிடெஸ்லா என்பது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தின் அளவு. அது ஓர் எலக்ட்ரானின் ஆற்றலில் செய்யும் மாற்றம், அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளை முட்டி மோதவைக்கும் வெப்ப ஆற்றலில் இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆற்றலை வைத்து வாதாடினால் காந்தம் வேதிவினையில் எதையும் மாற்ற முடியாது. பல பத்தாண்டுகளாக அறிவியலாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1967-இல் வினை நடந்துகொண்டிருக்கும்போதே எடுக்கப்பட்ட அணுக்கருக் காந்த நிறமாலைகளில் விசித்திரமான கோடுகள் தெரிந்தன. சில வழக்கத்தைவிட மிகப் பெரிதாக, சில தலைகீழாக. 1969-இல் சிகாகோவில் குளோஸும், நெதர்லாந்தில் காப்டைனும் ஓஸ்டர்ஹாஃபும் ரேடிக்கல் இணையின் தற்சுழற்சியை வைத்து அதை விளக்கினார்கள். தற்சுழற்சி வெப்ப மோதல்களைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்பதுதான் சூட்சுமம். மூலக்கூறுகள் எவ்வளவு முட்டிக்கொண்டாலும் அந்த ஊசிகள் தம் போக்கில் சிறிது நேரம் திரும்பிக்கொண்டிருக்கும்.

சிறிது நேரம் என்றால் எவ்வளவு? 1 மில்லிடெஸ்லா புலத்தில் ஓர் எலக்ட்ரான் ஊசி நொடிக்கு சுமார் 2 கோடியே 80 லட்சம் முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 36 நானோ நொடி. அணுக்கருக்கள் உண்டாக்கும் புலமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். எனவே ஒற்றை நிலை மும்மையாக மாறுவதற்குப் பத்து, ஐம்பது நானோ நொடிகளாவது வேண்டும். அதுவரை இணை ஒருவரை ஒருவர் முற்றிலும் தொலைத்துவிடக் கூடாது. அதே சமயம் ஒட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. மிக அருகில் இருந்தால் ஒற்றை நிலைக்கும் மும்மை நிலைக்கும் இடையே ஆற்றல் இடைவெளி பெரிதாகிவிடும்; அணுக்கருக்களின் மெல்லிய இழுப்பால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. ஒரு நானோமீட்டருக்குச் சற்று மேலே விலகிப்போய், சில பத்து நானோ நொடி அங்கே அலைந்து, திரும்பி வந்து சந்திக்க வேண்டும். விலகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இந்த இரண்டையும் தீர்மானிப்பது காந்தம் இல்லை, அணுக்கரு இல்லை, கரைப்பான்.

இதை மாணவிகளுக்குச் சொல்லும்போது மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவைத்தான் சொல்வேன். பங்குனியில் மாட வீதிகளில் நிற்க இடமிருக்காது. எனக்கு ஏழு வயதிருக்கும்போது கிழக்கு மாட வீதியில் அம்மாவின் கை நழுவியது. கூட்டம் என்னை எங்கும் போகவிடவில்லை. இரண்டு ஆள் தள்ளி அம்மாவின் புடவைத் தலைப்பு தெரிந்தது. அடுத்த நெரிசலில் அதே கூட்டம் என்னை அம்மாவின் மேலேயே தள்ளியது. வெறிச்சோடிய மெரினா மணலில் கை நழுவியிருந்தால் நான் ஓடியே போயிருப்பேன். ஜேம்ஸ் ஃபிராங்கும் யூஜின் ரபினோவிட்சும் 1934-இல் சொன்ன கூண்டு விளைவு இதுதான். திரவத்தில் பிரிந்த இரண்டு துண்டுகளைச் சுற்றியுள்ள மூலக்கூறுகள் கூண்டாக நின்று மறுபடி மறுபடி மோதவைக்கின்றன. வாயுவில் இந்தக் கூண்டு கிடையாது.

கூண்டின் இறுக்கத்தை மாற்ற ஒரு வழி பாகுநிலை. தண்ணீரைவிடக் கிளிசரின் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பாகானது. மிக நீர்த்த கரைப்பானில் இணை சட்டென்று பிரிந்து தொலைந்துவிடும். மிகவும் பாகான கரைப்பானில், விலகிப்போய்த் தற்சுழற்சி மாற இடமே கிடைக்காமல் ஒட்டியே கிடக்கும். நடுவில் எங்கோ காந்தத்துக்கு நல்ல வாய்ப்பு இருக்கும்.

என் மனம் எப்போதும் நின்றது இன்னொரு வழியில்: முனைவுத் தன்மை, அதாவது மூலக்கூறின் ஒரு முனை லேசாக நேர் மின்னூட்டத்தோடும் மறுமுனை எதிர் மின்னூட்டத்தோடும் நிற்பது. பைரீனும் அனிலினும் எலக்ட்ரானைக் கைமாற்றிய பிறகு ஒன்று எதிர் அயனி, மற்றது நேர் அயனி. அவை ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுப்பைக் கரைப்பான் எவ்வளவு தணிக்கிறது என்பதைச் சொல்வதே மின்காப்பு மாறிலி. ஹெக்சேனுக்கு அது 2-ஐ ஒட்டியது, டெட்ராஹைட்ரோஃபியூரானுக்கு சுமார் 7.5, அசிட்டோநைட்ரைலுக்கு 36 அல்லது 37, தண்ணீருக்கு 80-ஐ நெருங்கும். இரண்டு எதிரெதிர் மின்னூட்டங்களின் இழுப்பு வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும் தொலைவை ஆன்சாகர் ஆரம் என்பார்கள். கணக்குப் போட்டால் தண்ணீரில் அது 0.7 நானோமீட்டர்தான். அசிட்டோநைட்ரைலில் 1.5, டெட்ராஹைட்ரோஃபியூரானில் 7.5, ஹெக்சேனில் 30 நானோமீட்டர். இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். காந்த விளைவின் பாதிக் கதை அந்தத் தாளில் இருந்தது.

ஹெக்சேனில் அயனிகள் பிரியவே முடியாது. கட்டியணைத்த கூட்டாகவே இருந்து ஒளியை உமிழ்ந்து முடித்துவிடும். காந்தம் போட்டாலும் போடாவிட்டாலும் ஒளி ஒன்றுதான். அசிட்டோநைட்ரைலில் நேர் எதிர்: பிரிந்தவை பிரிந்தவையே. திரும்பி வந்து ஒளிரும் இணைகள் சொற்பம், அளப்பதற்கே வெளிச்சம் போதாது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு முனைவுத் தன்மையில்தான் இணை விலகும் தூரமும் திரும்பும் வாய்ப்பும் பொருந்தி வருகின்றன. காந்த விளைவு அங்கே உச்சத்தைத் தொடுகிறது. 1970-களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆல்பர்ட் வெல்லரும் கிளவுஸ் ஷுல்டனும் பைரீன் - டைமெத்தில் அனிலின் இணையை இத்துறையின் உரைகல்லாக ஆக்கினார்கள். எக்ஸைப்ளெக்ஸ் ஒளியின் காந்த விளைவைக் கரைப்பானின் மின்காப்பு மாறிலியோடு சேர்த்து அளந்த வேலையில் நம் கொல்கத்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1980-களில் மிஹிர் சௌத்ரி, சமிதா பாசு முதலியோர் செய்த அளவீடுகளை நான் முதல் ஆண்டில் வரி வரியாகப் படித்தேன். கரைப்பான்களைச் சிறிது சிறிதாகக் கலந்து முனைவுத் தன்மையை ஏற்றிக்கொண்டே போக, மேடு போல எழுந்து இறங்கும் அந்த வளைகோட்டைப் பார்த்த மாலையில்தான் இந்தத் துறையில் தங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நம் நாட்டு ஆய்வகத்தில், பெரிய லேசர்கள் ஏதுமில்லாமல், கரைப்பானைக் கலந்து கலந்தே கண்ட உண்மை அது. இன்றும் அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

இப்போது நவம்பருக்குத் திரும்பலாம்.

டெட்ராஹைட்ரோஃபியூரானைச் சோடியமும் பென்சோஃபீனோனும் போட்டுக் காய்ச்சி வடிப்போம். ஈரம் முழுவதும் போனதும் குடுவை அடர்நீலமாகும். அந்த நீலமே ஒரு ரேடிக்கல்தான், பென்சோஃபீனோன் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நிற்கும் நிறம். ஈரமோ காற்றோ துளி இருந்தாலும் அது பிழைக்காது. ரேடிக்கலைப் படிக்கும் எனக்கு, கரைப்பான் தயார் என்று ஒரு ரேடிக்கலே நிறம் காட்டிச் சொல்வது ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தந்தது. வடித்ததைப் பாட்டிலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டியபோது எடுப்பேன்.

அன்றைக்கும் எடுத்தேன். மூடியைத் திருகப்போன கையை அண்ணன் தடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆய்வகத்தில் இருந்தவர். பள்ளிப் படிப்போடு நின்றவர்.

"பாட்டில் எப்படி வேர்க்கிறது பாருங்கள் அம்மா. வெளியே வேர்ப்பது திறந்தால் உள்ளேயும் வேர்க்கும். வேர்வை அடங்கட்டும், அப்புறம் திறக்கலாம்."

நான் பாட்டிலைப் பார்த்தேன். வெளிச் சுவரில் முத்து முத்தாக நீர். மழைக்காலச் சென்னையின் காற்று, குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் தன்னிடமிருந்த தண்ணீரை இறக்கி வைத்திருந்தது. திறந்த ஒவ்வொரு முறையும் அதே காற்று பாட்டிலுக்குள் போயிருக்கிறது. டெட்ராஹைட்ரோஃபியூரான் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும். உள்ளே இறங்கிய நீர் தனியே தெரியாது. அன்று மாலையே கார்ல் ஃபிஷர் முறையில் நீரளவு பார்த்தோம். கரைப்பான் நனைந்திருந்தது.

அவ்வளவு கொஞ்சம் தண்ணீர், மின்காப்பு மாறிலியை மொத்தமாக எடுத்துக்கொண்டால் பெரிதாக உயர்த்தாது. பிறகு ஏன் எண் மாறியது? அயனிக்கு மொத்தத் திரவம் பொருட்டில்லை, தன்னைச் சுற்றியுள்ள முதல் சில அடுக்குகள்தான் பொருட்டு. கலவையில் முனைவு மிகுந்த மூலக்கூறுகள் அயனியைத் தேடி வந்து சூழ்ந்துகொள்கின்றன. பந்தியில் ஆயிரம் பேர் இருந்தாலும் மாப்பிள்ளையைச் சுற்றி நிற்பது அவருடைய நண்பர்கள்தானே. அயனியின் கண்ணுக்கு அந்தக் கரைசல், புத்தகத்தில் போட்டிருக்கும் 7.5-ஐவிட முனைவு மிகுந்தது. அதனால் இணை கொஞ்சம் கூடுதலாக விலகியது. எக்ஸைப்ளெக்ஸ் ஒளியின் உச்சி சிவப்புப் பக்கம் லேசாக நகர்ந்திருந்ததும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. என் எண்கள் அந்த மேட்டின் சரிவில் ஓரடி மேலே ஏறியிருந்தன. காந்தம் மே மாதத்தில் செய்ததையேதான் நவம்பரிலும் செய்தது.

இன்னொரு திருட்டும் நடந்துகொண்டிருந்தது. கரைந்திருக்கும் ஆக்சிஜன் கிளர்வுற்ற பைரீனை அணைத்துவிடும் என்பதால் கரைசலில் ஆர்கானைக் குமிழவிடுவோம். 66 டிகிரியில் கொதிக்கும் டெட்ராஹைட்ரோஃபியூரான், கொதிநிலை கூடிய துணைக் கரைப்பானோடு கலந்திருக்கும்போது, குமிழிகளோடு வேகமாக ஆவியாகிப் போகும். இருபது நிமிடம் குமிழவிட்டால் நாம் அளந்து ஊற்றிய கலவை அதே கலவையாக இருக்காது. ஆர்கானை முதலில் அதே கரைப்பான் நிரம்பிய குடுவை வழியே செலுத்தி, அதன் ஆவியை நிறைத்த பிறகு அனுப்ப வேண்டும். சோதனை முறையை விளக்கும் பகுதிகளில் இதற்கு அரை வரி ஒதுக்குவார்கள். என்னைக் கேட்டால் அரைப் பக்கம் ஒதுக்கலாம்.

கரைப்பானின் சக்தியை மிக அழகாகக் காட்டிய வேலை என்று நான் நினைப்பது மிசெல்களில் நடந்தது. ஷாம்பூவிலும் பற்பசையிலும் இருக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டைத் தண்ணீரில் போதுமான அளவு கரைத்தால், அறுபது சொச்சம் மூலக்கூறுகள் வாலை உள்ளே வைத்துத் தலையை வெளியே நீட்டி ஒரு சிறு உருண்டையாகச் சேரும். அதுதான் மிசெல். குறுக்களவு நான்கைந்து நானோமீட்டர். உள்ளே எண்ணெய், வெளியே நீர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் டூரோ டைபென்சில் கீட்டோனை இந்த உருண்டைக்குள் வைத்து ஒளி பாய்ச்சினார். அது உடைந்து மும்மை நிலையில் ஓர் இணை பிறக்கிறது. சாதாரணக் கரைப்பானாக இருந்தால் அவை தொலைந்துபோயிருக்கும். எண்ணெய் விரும்பும் துண்டுகள் என்பதால் நீருக்குள் இறங்கத் தயங்கி உருண்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. தற்சுழற்சி மாறும் நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. கார்பன்-13 அணுக்கருவுக்குக் காந்தத் தன்மை உண்டு, கார்பன்-12-க்குக் கிடையாது. ஆகவே கார்பன்-13 உள்ள இணை விரைவில் ஒற்றை நிலைக்கு மாறி, பழைய கீட்டோனாகத் திரும்புகிறது; கார்பன்-12 உள்ளவை வேறு வழியில் போகின்றன. மிஞ்சிய கீட்டோனில் கார்பன்-13 செறிகிறது. 1978-இல் வெளிவந்த முடிவு. ஒரே வேதித் தன்மை கொண்ட இரண்டு ஐசோடோப்புகளை ஒரு சோப்புக் கரைசல் பிரித்துக் காட்டியது!

பறவைகளின் கதையையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பள்ளிக்கரணையில் குளிர்காலத்தில் வந்திறங்கும் ஊசிவால் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் ஒரு கணக்கு மனத்தில் ஓடும். சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அந்தப் புலத்தில் எலக்ட்ரான் ஊசி ஒரு சுற்றுச் சுற்றக் கிட்டத்தட்ட ஒரு மைக்ரோ நொடி ஆகும். தண்ணீர் போன்ற திரவத்தில் ஒரு சிறு ரேடிக்கல் அந்த நேரத்தில் எழுபது எண்பது நானோமீட்டர் அலைந்துவிடும்; இணை எப்போதோ தொலைந்திருக்கும். சாதாரணக் கரைசலில் பூமியின் காந்தத்தை உணர்வது அத்தனை கடினம். ஷுல்டன்தான் 1978-இல் பறவையின் திசையறிவுக்கு ரேடிக்கல் இணை காரணமாக இருக்கலாம் என்று முன்மொழிந்தார். 2000-இல் அவரும் தோர்ஸ்டன் ரிட்ஸும் கிரிப்டோகுரோம் என்ற கண் புரதத்தைச் சுட்டினார்கள். 2021-இல் ஐரோப்பிய ராபினின் கிரிப்டோகுரோம்-4 ஆய்வகத்தில் காந்தப்புலத்துக்கு அசைவதைக் காட்டினார்கள். பறவை தன் திசையை இப்படித்தான் அறிகிறது என்று உயிருள்ள பறவையில் முற்றாக நிறுவப்படவில்லை. ஆனால் அந்தப் புரதம், இணையாக மாறும் ஃபிளேவின், டிரிப்டோஃபான் என்ற தன் இரண்டு பகுதிகளை ஏறத்தாழ இரண்டு நானோமீட்டர் இடைவெளியில் அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. விலகவும் தேவையில்லை, திரும்பத் தேடவும் தேவையில்லை. அங்கே கரைப்பானின் வேலையைப் புரதம் செய்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்குக் கோடியை ஒட்டிப் போவதால் இங்கே புலம் ஏறக்குறைய கிடைமட்டம். அந்தச் சாய்வில் ஒரு வாத்துக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தீராத ஆவல்.

மந்தைவெளியில் எங்கள் மேல்வீட்டுப் பெரியவர் முழங்கால் வலிக்காகக் காந்தம் கட்டிய குவளை ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினார். தண்ணீர் அதில் இரவு முழுக்க இருந்தால் குணம் மாறும் என்று விற்றவர் சொன்னாராம்.

"நீங்கள் காந்தத்தைத்தானே படித்தீர்கள் அம்மா? இது உண்மையா?" என்று கேட்டார்.

"தண்ணீரில் எலக்ட்ரான்கள் எல்லாம் இணையாகவே இருக்கின்றன ஐயா. காந்தம் திருப்பிவிட அங்கே தனி எலக்ட்ரான் இல்லை. இருந்தாலும், காந்தத்தை எடுத்த பிறகு தண்ணீர் அதை நினைவில் வைத்துக்கொள்ளாது. வலிக்கு மருத்துவரைப் பாருங்கள்" என்றேன். அவர் முகம் வாடியது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. காந்தம் வேதிவினையைத் தொடும் என்பதை நிரூபிக்க இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்திருக்க, அந்தப் பெயரை வைத்து ஒரு முதியவரின் ஓய்வூதியத்தைப் பறிப்பது என்னால் பொறுக்க முடியாத செயல்.

இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஒரு சிறிய மின்காந்தமும் பழைய ஃபுளோரிமீட்டரும் இருக்கின்றன. முதுகலை மாணவிகள் இருவர் இந்த ஆண்டு அதே பைரீனை எடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய நோட்டில் 'கரைப்பான்' என்ற தலைப்பின்கீழ் ஒரே ஒரு சொல் எழுதும் அளவுக்குத்தான் கட்டம் இருந்தது. அதை அடித்துவிட்டு நான்காகப் பிரித்தோம்: பெயர், பாட்டிலை முதலில் திறந்த தேதி, அன்றைய நீரளவு, ஆர்கான் குமிழவிட்ட நிமிடங்கள். பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வேர்வை அடங்கும்வரை அந்தக் கட்டங்களை நிரப்புகிறார்கள். காந்தத்தின் சுவிட்ச் அதற்குப் பிறகுதான்.